காதை மூடுவதா, காதுக்குள் வைப்பதா: பாட்டுக் கேட்க ஹெட்போனும் ஐஇஎம்மும்

ஹெட்போனா, ஐஇஎம்மா (காதுத் துளைக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர்) என்று முடிவெடுக்கப் பலரும் ஒலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எதில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அதிகம், எதில் குரல் துல்லியம் என்று விசாரிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் நீங்கள் கேட்கும் இடம், அடுத்து உங்கள் காதின் அமைப்பு, அதற்கடுத்து போனோ லேப்டாப்போ தரக்கூடிய மின்திறன். இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் 30,000 ரூபாய் ஹெட்போன் 2,000 ரூபாய் ஐஇஎம்மிடம் தோற்கும். மூன்றும் பொருந்திவிட்டால் மிச்சமிருக்கும் தொனி வேறுபாட்டைப் பெரும்பாலும் ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரிலேயே சரிசெய்துவிடலாம்.

இங்கே பேசுவது கம்பி வைத்தவற்றைப் பற்றி. ப்ளூடூத் வகையில் ஒலியை ஓட்டும் மின்திறனைத் தரும் ஆம்ப் உள்ளேயே இருப்பதால் மின்திறன் பற்றிய பகுதி அதற்குப் பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

எங்கே கேட்கிறீர்கள்

பெரிய ஹெட்போனில் இரண்டு வகை. பின்பக்கம் வலைபோல் திறந்திருப்பது ஓப்பன் பேக், மூடியிருப்பது குளோஸ்டு பேக். ஓப்பன் பேக்கில் உள்ளே ஓடும் பாட்டு வெளியே கேட்கும், வெளியே நடப்பதெல்லாம் உள்ளே கேட்கும். பக்கத்தில் ஒருவர் தூங்கும் அறைக்கு அது ஒத்துவராது. தனி அறை இருந்தாலும் சீலிங் ஃபேனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் சுற்றும் ஃபேனின் இரைச்சல் தம்பூராவின் மெல்லிய கார்வையையும் பாட்டு அடங்கி ஒலிக்கும் இடங்களையும் விழுங்கிவிடும். ஃபேனைக் குறைக்கவே முடியாத அறை என்றால் ஓப்பன் பேக்குக்குக் கொடுக்கும் காசில் பாதி வீண்.

குளோஸ்டு பேக் பேச்சையும் பாத்திரச் சத்தத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் பஸ் எஞ்சினின் உறுமல் போன்ற தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஐஇஎம்மின் பலம் இங்கேதான். காதுத் துளையைச் சரியாக அடைத்துவிட்டால் முனையில் மாட்டும் ரப்பரான சாதாரண சிலிகான் டிப்பே நடுத்தர, உயர் சத்தங்களை 20 டெசிபல் அளவுக்குக் குறைத்துவிடும். 1991-இல் வந்த எட்டிமோட்டிக் இஆர்-4 போல ஆழமாகச் செருகும் வகைக்கு 35 டெசிபலுக்கு மேல் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

வெளிச்சத்தத்தைத் தடுப்பது சுகத்துக்காக மட்டும் அல்ல. சத்தம் கசிந்தால் கை தானாக வால்யூமைக் கூட்டும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் அதே பாதிப்புக்கு 4 மணி நேரமே போதும். இதை அளக்கக் கருவி தேவையில்லை. இரவில் அமைதியான அறையில் உங்களுக்குப் போதுமான வால்யூம் எத்தனை புள்ளி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் அதைவிட மூன்று நான்கு புள்ளி கூட்ட வேண்டியிருந்தால் நீங்கள் மாட்டியிருப்பது அந்த இடத்துக்கு உரியது அல்ல, அல்லது டிப் சரியாக அடைக்கவில்லை.

சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டுமே வேண்டாம். நன்றாக அடைக்கும் ஐஇஎம் ஹாரனையும் அடைத்துவிடும்.

காதுக்குப் பொருந்துகிறதா: ஐஇஎம்

ஐஇஎம் வாங்கியவர் “பேஸே இல்லை, தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கிறது” என்றால் குற்றம் பெரும்பாலும் டிப்பில்தான். காதுத் துளைக்குள் அடைபட்ட சிறிய காற்றறையை டிரைவர் (ஒலியெழுப்பும் பாகம்) அழுத்தித் தளர்த்துவதால் பேஸ் உண்டாகிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் கசிந்து பேஸ் போய்விடும். குரலும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) அப்படியே நிற்பதால் கருவியே கூச்சலிடுவதுபோலத் தோன்றும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கிக்கொண்டே போனால் எதிலும் திருப்தி வராது.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு வரும். எல்லோரும் நடுத்தரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். முதலில் பெரியதைப் போட்டுப் பாருங்கள். வலித்தால் மட்டும் கீழே இறங்குங்கள். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்கு நடுத்தரம் என்று மாட்டுவதில் தவறே இல்லை.

செருகும் முறை இது. கேபிளைக் காதின் மேலே சுற்றிப் பின்னால் விடுங்கள். இடது காதுக்கு வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலின் மேல் ஓரத்தை மேலும் பின்னும் இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, இடது கையால் ஐஇஎம்மைச் சற்றே திருகியபடி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். ஃபோம் டிப் என்றால் விரல்களால் உருட்டி ஒடுக்கி உடனே செருகி, அது விரிந்து அடைக்கும்வரை 20 முதல் 30 நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். ஒடுக்காமல் திணித்தால் வெளிவிளிம்பில் மட்டும் உட்கார்ந்து கசியும்.

அடைத்திருக்கிறதா என்று பார்க்க “ம்ம்ம்” என்று முனகுங்கள். பானைக்குள் பேசுவதுபோல இரண்டு பக்கமும் சமமாக அதிர்ந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அதிர்ந்தால் மறுபக்கம் கசிகிறது. அடுத்து, டோன் ஜெனரேட்டர் செயலியில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் கூடினால் டிப் சிறியது. அழுத்தினாலும் மாறாவிட்டால் பொருந்திவிட்டது. செருகும்போது சருகு மிதிபடுவதுபோல ஒரு சத்தம் கேட்டால் பயம் வேண்டாம். அடைபட்ட காற்று டிரைவரின் மெல்லிய படலத்தை வளைக்கும் சத்தம் அது. வாயைத் திறந்தபடி மெதுவாகச் செருகினால் குறையும். ஐஇஎம்மின் மேல் இருக்கும் காற்றுத் துளையை மட்டும் விரலால் மூடாதீர்கள்.

எவ்வளவு ஆழம் என்பதும் ஒலியை மாற்றும். டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்து 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு முகடு வரும். மேலோட்டமாக வைத்தால் அந்த முகடு கீழே இறங்கி, “ஸ”, “ச” ஒலிகள் சீறும் பகுதிக்கு வந்துவிடும். ஒருவருக்கு இனிக்கும் அதே ஐஇஎம் இன்னொருவருக்குக் குத்துவது இதனால்தான். ஒரு அளவு சிறிய டிப்பைப் போட்டு ஆழமாகச் செருகினால், கசியாதபட்சத்தில், சீறல் அடங்குவதைப் பார்க்கலாம்.

காது சிறியவர்கள் டிப் மாட்டும் குழல் முனையின் விட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் எந்த டிப்பும் வலிக்கும். காதில் சீழ், அரிப்பு, அடிக்கடி அழுக்குக் கட்டுதல் இருப்பவர்கள் ஐஇஎம் பக்கமே போக வேண்டாம். அவர்களுக்குப் பெரிய ஹெட்போன்தான்.

காதுக்குப் பொருந்துகிறதா: ஹெட்போன்

ஹெட்போனுக்கு ஒரு ஸ்கேல் போதும். காது மடலின் உயரத்தை அளந்து, காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர்பேடின் உள்வட்டம் அதைவிடச் சில மில்லிமீட்டராவது பெரியதா என்று பாருங்கள். மடல் பேடுக்கு அடியில் மடங்கினால் அரை மணி நேரத்தில் வலி தொடங்கும். உள்ளே மடல் துணியில் முட்டுகிறதா என்றும் கவனியுங்கள். முட்டினால் ஆழம் போதாது. எடை 300 கிராமுக்குள் இருந்தால் நீண்ட நேரம் கேட்கலாம். 400 கிராமைத் தாண்டினால் உச்சந்தலையும் கழுத்தும் சொல்லிவிடும்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் காற்று கசிந்து, குறிப்பாகக் குளோஸ்டு பேக்கில், பேஸ் குறையும். மெல்லிய காம்பும் மென்மையான பேடும் சேர்ந்தால் இழப்பு குறைவு. புதிய ஹெட்போன் தலையை நெரித்தால், உங்கள் தலையின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான புத்தக அடுக்கில் ஓரிரவு மாட்டி வையுங்கள். ஒரே இழுப்பில் விரித்தால் பிளாஸ்டிக் வளையம் உடையும்.

போன் தாங்குமா

பெட்டியில் இரண்டு எண் பாருங்கள்: எத்தனை ஓம் (மின்தடை), எத்தனை டெசிபல் (உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம்). டெசிபல் ஒரு மில்லிவாட்டுக்கா ஒரு வோல்ட்டுக்கா என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு ஐஇஎம் 28 ஓம், வோல்ட்டுக்கு 119 டெசிபல் என்று போட்டிருந்தால், அது மில்லிவாட்டுக்கு சுமார் 103.5 டெசிபல்தான். இரண்டையும் கலந்து ஒப்பிடுபவர்கள் அதிகம்.

கணக்கு எளிது. 10 டெசிபல் கூட வேண்டுமானால் 10 மடங்கு மின்திறன் வேண்டும், 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு. பாட்டின் உச்சத் தட்டுகளுக்கு 110 டெசிபல் வரை இடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஐஇஎம்முக்கு அதற்கு 0.35 வோல்ட் போதும். எந்த போனும் தரும். 300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் உள்ள ஹெட்போனுக்கு 20 மில்லிவாட், அதாவது சுமார் 2.45 வோல்ட் வேண்டும். போனில் செருகி ஹெட்போனை மாட்டும் பல சின்ன டைப்-சி டாங்கிள்கள் தருவது 1 வோல்ட். அதில் 102 டெசிபல் வரை வரும். அழுத்திப் பதிவு செய்த சினிமாப் பாட்டுக்கு அது போதும்; தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரிக்கு வால்யூமை முழுக்கத் திருப்பியும் போதாது.

ஓம் குறைந்தால் எளிதில் ஓடும் என்பதும் தப்பு. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ ஹெட்போன் 25 ஓம்தான், ஆனால் உணர்திறன் 91 டெசிபல். 110 டெசிபலுக்கு 79 மில்லிவாட் வேண்டும்: 1.4 வோல்ட், 56 மில்லிஆம்பியர். சின்ன டாங்கிளுக்கு அந்த மின்னோட்டம் கஷ்டம். இப்படிப்பட்டதை வாங்கினால் ஆம்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

ஐஇஎம்முக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. பல டிரைவர் வைத்த ஐஇஎம்களில் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும், ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று. ஆம்பின் வெளியீட்டுத் தடை (அதன் சொந்த மின்தடை) 10 ஓம் என்றால் முதல் இடத்தில் 7 டெசிபல் குறையும், இரண்டாவது இடத்தில் 1.9 மட்டுமே குறையும். ஐந்து டெசிபல் வித்தியாசத்தில் தொனியே வேறு ஆகிவிடுகிறது. வெளியீட்டுத் தடை ஐஇஎம்மின் மிகக் குறைந்த தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ஒற்றை டைனமிக் டிரைவர் வைத்ததற்கு இந்தக் கவலை இல்லை. பெரிய ஆம்பில் ஐஇஎம்மை மாட்டிப் பாட்டு ஓடாதபோதும் “உஸ்” என்று கேட்டால், ஆம்பின் பெருக்கத்தை, அதாவது கெயினை, குறைவில் வையுங்கள்.

இப்போது ஒலி

பெரிய ஹெட்போனில் ஒலி காது மடலின் மடிப்புகளில் பட்ட பிறகே துளைக்குள் போகிறது. அன்றாடம் திசையறிய மூளை அந்த மடிப்புகளையும் நம்பியிருக்கிறது. நல்ல ஓப்பன் பேக்கில் பாடகர் தலைக்கு வெளியே சற்றுத் தள்ளி நிற்பதுபோல் தோன்ற இது ஒரு காரணம். ஐஇஎம் மடலைத் தாண்டி நேரே துளைக்குள் ஒலியை விடுகிறது. பாடுபவரும் வாசிப்பவரும் நிற்பதுபோலத் தோன்றும் மேடை தலைக்குள்ளேயே விரியும். விலை கூடினாலும் இந்த வேறுபாடு முழுதாக அழியாது. ஆர்க்கெஸ்ட்ராவும் நேரடிக் கச்சேரிப் பதிவும் அதிகம் கேட்பவருக்கு ஓப்பன் பேக்கைத்தான் தயங்காமல் சொல்லலாம்.

பேஸில் ஐஇஎம் முந்தும். நன்றாக அடைத்த ஐஇஎம் 20 ஹெர்ட்ஸ் வரை தளராமல் இறங்கும். 1997 முதல் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்டி 600 போன்ற டைனமிக் ஓப்பன் பேக்குகளில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துகொண்டே போகும். குரலுக்கும் வயலினுக்கும் அது குறையே இல்லை. மின்னணு பேஸ் நிறைந்த பாட்டுக்கு ஏமாற்றம்.

சோதிக்க உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவே போதும். முதலில் இரண்டிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூட “நல்லது” என்று தோன்றிவிடும். பிறகு மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற வழுக்கும் தாழ்ந்த நாதம் எழும்போது அது உருண்டு ஏறுவது தெரிகிறதா, வெறும் “தொம்” என்று நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் பேஸ் கசிகிறது அல்லது குழம்புகிறது. வலப்பக்கமான வலந்தலையின் மீட்டுச் சொல்லும் கஞ்சிராவும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். நாகஸ்வரத்தில் மேல் ஸ்தாயி வரும்போது முகம் சுளித்தால் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றில் தூக்கல் அதிகம். கடைசியாக, பின்னால் சுருதி பிடிக்கும் தம்பூராவை மட்டும் ஒரு நிமிடம் பின்தொடருங்கள். பாடகர் முழுக் குரலெடுக்கும்போதும் அது காதில் நின்றால் அந்தக் கருவியை நம்பலாம். ஒவ்வொன்றையும் குறைந்தது 20 நிமிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றிய முதல் நிமிடத்துத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு.

ஈக்வலைசரில் ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட், விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ போதும். எதையாவது 5 டெசிபல் தூக்கினால் அதிலேயே இருக்கும் மொத்த அளவான ப்ரீஆம்பை 5 டெசிபல் இறக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உச்சங்கள் உடைந்து கரகரக்கும்.

வியர்வை, எண்ணெய், பழுது

நம் ஊர் வெயிலில் செயற்கைத் தோல் பேடு வைத்த குளோஸ்டு பேக்கை ஏசி இல்லாத அறையில் அரை மணிக்கு மேல் மாட்டுவது சிரமம். ஈரப்பதத்தில் அந்தத் தோல் உரிந்து கறுப்புச் செதிலாகக் கழுத்தில் ஒட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு மாட்டினால் இன்னும் சீக்கிரம் உரியும். வெல்வெட் துணிப் பேடு காற்றோட்டம் தரும், ஆனால் அதே மாடலில் தோல் பேடைவிட பேஸ் கொஞ்சம் குறையலாம். வாங்கும் முன் அந்த மாடலுக்கு மாற்றுப் பேடு கிடைக்கிறதா என்று பாருங்கள். அமுங்கித் தட்டையான பேடு வலியை மட்டும் தராது. காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் மாறித் தொனியையும் கெடுக்கும்.

ஐஇஎம்மை, தலைக்குக் குளித்த ஈரக் காதில் செருகாதீர்கள். பயன்படுத்தியதும் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். வாரம் ஒருமுறை டிப்பைக் கழற்றி சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபோம் டிப்பைக் கழுவ வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் கேபிளைக் கழற்றி இடது வலது மாற்றி மாட்டுங்கள். குறை இடம் மாறினால் கேபிள் அல்லது போன். மாறாவிட்டால் அந்தப் பக்க ஐஇஎம். அடுத்து டார்ச் அடித்துக் குழல் முனை வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருந்தால் முனையைத் தரைநோக்கிப் பிடித்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழியும், வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். இரண்டு ஊசி வைத்த 0.78 மில்லிமீட்டர் கேபிளில் ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் பேஸ் காணாமல் போய், நடுவில் நிற்க வேண்டிய குரல் இரண்டு பக்கமும் சிதறும். புள்ளி அடையாளத்தைப் பார்த்துத் திருப்பினால் சரியாகிவிடும். ஹெட்போனில் பேஸ் வரும்போது மட்டும் ஒரு பக்கம் “டர்ர்” என்றால் டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஒரு தலைமுடி உள்ளே விழுந்து டிரைவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எதை முதலில்

ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குத் தொனி நன்றாக அமைந்த ஒற்றை டிரைவர் ஐஇஎம் இன்று கிடைக்கிறது. அதற்கு ஈடான ஓப்பன் பேக்குக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும், சிலவற்றுக்கு ஆம்பும் வேண்டும். பயணத்தில் கேட்பவர், விடுதியில் இருப்பவர், போனைத் தவிர வேறு கருவி இல்லாதவர் ஐஇஎம்மில் தொடங்கட்டும். அதோடு 300 ரூபாய்க்கு இரண்டு மூன்று வகை டிப் வாங்குவது அடுத்த விலைப்படிக்குத் தாவுவதைவிடப் பயன் தரும். அமைதியான தனி அறை, ஒரே அமர்வில் இரண்டு மணி நேரம் கேட்கும் பழக்கம் என்றால் ஓப்பன் பேக் ஹெட்போன். அறை தனியாக இல்லை, காதுக்குள் எதுவும் வைக்கவும் முடியாது என்பவருக்கு மட்டும் குளோஸ்டு பேக்.

ஐஇஎம்மைக் கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், உறை பிரிந்த பின் திரும்ப எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காதுக்குள் போன பொருள் என்று பல இடங்களில் மறுப்பார்கள். எடுப்பார்கள் என்றால் அந்தக் கெடு முடிவதற்குள் மூன்று டிப்பையும் மாட்டி, 50 ஹெர்ட்ஸ் சோதனையையும் கச்சேரிச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.